‘ப்ரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’: எந்தப் பிரதியில் கேட்கிறீர்கள்?

பிரிட்டிஷ் ராக் குழுவான டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘ப்ரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ 1985 மே மாதம் வெளிவந்தது. பிரிட்டனில் மொத்தம் 14 வாரம், அமெரிக்காவில் 9 வாரம், ஆஸ்திரேலியாவில் 34 வாரம் முதலிடத்தில் இருந்தது. உலகம் முழுக்க 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. சிடி வடிவில் மட்டும் 10 லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஆல்பமும் இதுதான். இந்த ஆல்பத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம்.

கே: வீட்டில் இருக்கும் பழைய எல்பி இசைத்தட்டில் ‘மணி ஃபார் நத்திங்’ 7 நிமிடம் ஓடுகிறது. நண்பரின் சிடியில் எட்டரை நிமிடம் வருகிறது. எங்கள் எல்பி போலியா?

ப: போலி இல்லை. 1985இல் ஒரே தட்டாக வந்த எல்பி எல்லாமே அப்படித்தான். இந்த ஆல்பம் பிறக்கும்போதே இரண்டு நீளங்களில் பிறந்தது. சிடி ஏறக்குறைய 55 நிமிடம், எல்பி 47 நிமிடம் சொச்சம்.

வெட்டு விழுந்தது முதல் பக்கத்தில் மட்டும். ‘சோ ஃபார் அவே’ சிடியில் 5:12, எல்பியில் 3:59. ‘மணி ஃபார் நத்திங்’ 8:26, எல்பியில் 7:04. ‘யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்’ 6:33 என்பது 4:46 ஆகிவிட்டது. அதிகம் இழந்தது ‘ஒய் வொர்ரி’: 8:31 இருந்தது 5:22 ஆகச் சுருங்கியது. ‘வாக் ஆஃப் லைஃப்’ பெரிதாக மாறவில்லை. இரண்டாம் பக்கத்து நான்கு பாடல்களில் கத்தரி படவே இல்லை.

காரணம் தட்டின் பள்ளம்தான். 12 அங்குல எல்பியின் ஒரு பக்கத்தில் 18 முதல் 22 நிமிடம் வரை இசையை வசதியாக வெட்டலாம். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் ஊசி பக்கவாட்டில் அசைய இடம் குறையும். ஆகவே மொத்த ஒலி அளவையும் பாஸையும் குறைத்தே வெட்ட முடியும். சிடியில் உள்ளபடி முதல் ஐந்து பாடல்களையும் கூட்டிப் பாருங்கள், 33 நிமிடத்துக்கு நெருங்கி வரும். அப்படியே வெட்டியிருந்தால் தட்டு முனகலாகத்தான் ஒலித்திருக்கும். அதனால் 25 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

எல்பி நீளம் ‘சோ ஃபார் அவே’க்குப் பொருந்துகிறது, பாடல் தொய்யாமல் போகிறது. ‘ஒய் வொர்ரி’க்கு அது அநியாயம். பாடி முடித்தபின் கிட்டாரும் கீபோர்டும் மெதுவாகக் கரைந்துபோகும் அந்த நீண்ட வால்தான் அந்தப் பாட்டின் பாதி அழகு. அதற்காகவே முழு வடிவத்தைத் தேடிக் கேளுங்கள்.

பிற்பாடு இரட்டை எல்பியாக வந்த மறுவெளியீடுகளும் உண்டு. வாங்குமுன் உறையில் அச்சிட்ட நேரத்தைப் பாருங்கள். ‘ஒய் வொர்ரி’க்கு எதிரே எட்டரை நிமிடம் இருந்தால் முழு வடிவம்.

கே: பழைய சிடி, 1996 ரீமாஸ்டர், 2005 வெளியீடு என்று விற்பனைக்கு வருகின்றன. எதை வாங்குவது?

ப: ஒன்றே ஒன்று வாங்குவதானால் முதல் சிடியை வாங்குங்கள். ஐரோப்பியப் பதிப்பு வெர்டிகோ நிறுவனத்தின் 824 499-2 என்ற எண்ணில் வந்தது. எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பின்னட்டையிலோ உள்தாளிலோ ‘ரீமாஸ்டர்’ (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீரமைத்தது) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பிந்தைய பதிப்பு. தட்டின் மேல் ‘மேற்கு ஜெர்மனி’ என்று அச்சிட்டிருந்தால் அது 1990 அக்டோபர் ஜெர்மன் இணைப்புக்கு முன் அச்சான பிரதி என்று நம்பலாம்.

முதல் சிடியை ஏன் சொல்கிறோம் என்றால், இந்த ஆல்பத்தின் உயிர் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது. பிந்தைய ரீமாஸ்டர்களில் மெல்லியதைத் தூக்கி, உச்சங்களைத் தட்டி, மொத்தத்தையும் சத்தமாக்கியிருக்கிறார்கள். காரிலும் இரைச்சலான இடத்திலும் அது உதவும். அமைதியான அறையில் கேட்டால் ‘மணி ஃபார் நத்திங்’ தொடக்கத்தில் ஏறும் அலை தட்டையாகிவிடும். அந்த ஏற்றத்தின் பயனே, கடைசியில் டிரம்ஸ் வெடித்து ஓய்ந்ததும் தனியாக வந்து விழும் கிட்டாரில்தான் இருக்கிறது. ஏற்கெனவே எல்லாம் சத்தமாக இருந்தால் விழுவதற்கு உயரம் ஏது?

பழைய சிடியைப் போட்டதும் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். அது குறை அல்ல. வால்யூமைத் திருகிக் கூட்டுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதானாலும் இரண்டு பிரதிகளையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். சற்றுச் சத்தமாக ஒலிப்பதைக் காது எப்போதும் நல்லது என்றே சொல்லும்.

கே: சிடி உறையில் ‘டிடிடி’ என்று மூன்று எழுத்து இருக்கிறதே?

ப: முதல் எழுத்து பதிவு, இரண்டாவது கலவை, மூன்றாவது மாஸ்டரிங். மூன்றிலும் டிஜிட்டல் டேப் எந்திரம் பயன்பட்டது என்று பொருள். சோனியின் 24 தட டிஜிட்டல் எந்திரத்தில் பதிவான முன்னோடி ஆல்பங்களில் இது ஒன்று. ஆனால் அந்த எழுத்துகள் டேப் எந்திரத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. மைக், ஆம்ப்ளிஃபயர், நீவ் ஒலிக்கலவை மேசை எல்லாம் அனலாக்தான். ஒலிப்பொறியாளரும் இணைத் தயாரிப்பாளருமான நீல் டார்ஃப்ஸ்மன், இந்த ஆல்பம் பதிவான ஸ்டூடியோவின் ஒலி என்பதே அந்த மேசையின் ஒலிதான் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். டிஜிட்டல் என்பதால் இந்த ஒலி வந்தது என்று சொல்வது பாதி உண்மை. டேப் இரைச்சல் இல்லாததால் மெல்லிய இடங்கள் துலங்கின என்பதே அந்தப் பாதி.

கே: ‘மணி ஃபார் நத்திங்’ கிட்டார் மூக்கால் பேசுவதுபோல ஒலிக்கிறது. எந்த எஃபெக்ட் பெடல்? வீட்டில் அதே ஒலியைக் கொண்டுவர முடியுமா?

ப: இந்த ஆல்பத்தில் அதிகம் துருவப்பட்ட ஒலி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான மார்க் நாஃப்ளர் வாசித்தது கிப்சன் லெஸ் பால் என்ற மின்கிட்டார். லேனி ஆம்ப்ளிஃபயர் வழியாக வாசித்தார். அவர் தேடியது ஸீஸீ டாப் குழுவின் முரட்டுக் கிட்டார் ஒலியை. கரீபியக் கடலில் மான்செராட் தீவில் இருந்த ஏர் ஸ்டூடியோவில் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் மைக்குகளைப் பொருத்தும் வேலை பாதியில் இருந்தது. ஒரு மைக் தரையைப் பார்த்தபடி, ஒன்று ஸ்பீக்கரை விட்டு விலகி, இன்னொன்று எங்கோ. டார்ஃப்ஸ்மன் மைக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டு அறையில் கேட்டுக்கொண்டிருந்த கிட்டார் உதவியாளர் இந்த ஒலி பிரமாதமாக இருக்கிறது, தொடாதீர்கள் என்று நிறுத்தினார். அப்படியே பதிவு செய்தார்கள். கலவையின்போதும் எதுவும் கூட்டவில்லை என்பது டார்ஃப்ஸ்மன் சொன்னது.

இதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு, மந்திரம் இல்லை. ஒரே ஒலி இரண்டு மைக்குகளுக்கு வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்கிறது. இரண்டையும் கூட்டும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சில கூடிப் பெருகும். ஒரு மைக் மற்றதைவிட 17 செ.மீ. தள்ளி இருந்தால் ஒலி அரை மில்லி விநாடி தாமதமாக வரும். அப்போது 1,000 ஹெர்ட்ஸிலும் 3,000 ஹெர்ட்ஸிலும் பள்ளம் விழும். 34 செ.மீ. என்றால் 500, 1,500, 2,500 என்று பள்ளங்கள் நெருங்கி வரும். சீப்புப் பல் போன்ற இந்தப் பள்ளமும் மேடும்தான் மூக்கால் பேசும் குணத்தைத் தருகின்றன.

வீட்டில் செய்து பார்க்க எளிய வழி வா பெடல், அதாவது காலால் அழுத்தி ஒலியின் குணத்தை மாற்றும் கருவி. பெடலை ஆட்டக் கூடாது. குதிகால் பக்கம் முழுக்க அழுத்திய நிலையிலிருந்து மெதுவாக விரல் பக்கம் கொண்டுபோய், ஒலி ‘ஆ’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவில் வாய் திறக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் பெடலுக்கு அடியில் ஓர் அட்டையைச் செருகி அசையாமல் வையுங்கள். வா பெடல் டிஸ்டார்ஷனுக்கு (ஒலியை முரடாக்கும் எஃபெக்ட்) முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்தால் விசில் போலக் கூர்மையாகிவிடும்.

மைக் வைத்துப் பதிவு செய்யும் வசதி இருந்தால் உண்மையான வழியிலேயே போகலாம். ஒரு மைக்கை ஸ்பீக்கர் துணியிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி வையுங்கள். இரண்டாவதை அதற்குப் பின்னால் 17 செ.மீ. தள்ளி, சற்றுத் தரையைப் பார்க்குமாறு சாய்த்து வையுங்கள். இரண்டையும் ஒரே அளவுக்கு ஏற்றி, மோனோவில் கேளுங்கள். ஓர் ஆள் வாசிக்க, இன்னொருவர் இரண்டாவது மைக்கை 2 செ.மீ. வீதம் நகர்த்த வேண்டும். பலரும் தவறுவது ‘ஒரே அளவு’ என்ற இடத்தில். தள்ளி இருக்கும் மைக்கில் சத்தம் குறைவாக வரும். அதை ஏற்றிச் சமமாக்காவிட்டால் பள்ளம் ஆழமாக விழாது, ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். இன்னொரு தவறு, இரண்டு மைக்கையும் இடமும் வலமுமாகப் பிரித்து வைப்பது. அப்போதும் அவை கூடாது.

மைக் ஒன்றுதான் இருக்கிறதா? பதிவான தடத்தை மென்பொருளில் ஒரு நகல் எடுத்து, நகலை அரை மில்லி விநாடி பின்னுக்குத் தள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது 24 சாம்பிள். இது அசலின் அறை வாசனையைத் தராது, ஆனால் தத்துவம் காதுக்குப் புரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தும் வரவில்லை என்று எழுதுபவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் வலது கைதான். நாஃப்ளர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆனால் வலக்கைக்காரர்களைப் போலவே கிட்டாரைப் பிடிப்பார். பிக் இல்லாமல் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் கொண்டு வாசிப்பார். கம்பியைச் சுண்டி இழுத்து விடும்போது அது பலகையில் மோதி எழும் ‘டக்’ என்ற தொடக்கம் பிக்கில் வராது. டிஸ்டார்ஷன் அதிகமானாலும் அந்த ‘டக்’ மூழ்கிவிடும். நீங்கள் வேண்டும் என்று நினைக்கும் அளவில் பாதிதான் தேவை. பாட்டு ஜி மைனரில் போகிறது. வாசிக்காத கம்பிகளை இடது கை விரல்களாலும் வலது உள்ளங்கை விளிம்பாலும் அடக்கி வைக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து முழங்கிவிடும்.

கே: அந்தப் பாடலை எழுதியவர்களில் ஸ்டிங் பெயரும் இருக்கிறதே?

ப: தொடக்கத்தில் எம்டிவி இசைச் சேனல் வேண்டும் என்று உயரக் குரலில் வரும் வரி அவர் பாடியது. அப்போது மான்செராட்டில் விடுமுறைக்கு வந்திருந்தார். அந்த வரியின் மெட்டு ‘போலீஸ்’ குழுவுக்காக அவர் முன்பே எழுதிய ‘டோன்ட் ஸ்டாண்ட் சோ க்ளோஸ் டு மீ’ பாடலின் மெட்டு. அதனால் அவருடைய பதிப்புரிமையாளர்கள் கேட்டு, பெயர் சேர்ந்தது.

கே: சில ஒலிபரப்புகளில் அதே பாடலின் ஒரு சரணம் வருவதில்லையே?

ப: பாடலில் பேசுவது நாஃப்ளர் அல்ல. நியூயார்க்கில் வீட்டுச் சாமான் விற்கும் கடையில், டிவிகளில் ஓடும் எம்டிவியைப் பார்த்துப் பாட்டுக்காரர்களை ஏசிக்கொண்டிருந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர். அவர் பேச்சைக் கேட்டு நாஃப்ளர் அங்கேயே ஒரு தாளில் குறித்துக்கொண்டார். இரண்டாம் சரணத்தில் அந்தப் பாத்திரம் ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்களை இழிவாகக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்துகிறது. சுருக்கிய வடிவங்களில் அந்தச் சரணம் இல்லை. கனடாவில் 2011 ஜனவரியில் ஒலிபரப்புத் தர நிர்ணய மன்றம் முழு வடிவத்தை வானொலியில் போடக் கூடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், அது நிலையங்களின் முடிவு என்று தளர்த்தியது. பாத்திரத்தின் பேச்சு என்பது உண்மை. அந்தச் சொல் கேட்பவரைப் புண்படுத்துகிறது என்பதும் உண்மை. நாஃப்ளரே மேடையில் அந்தச் சொல்லை மாற்றிப் பாடியிருக்கிறார்.

கே: டிரம்ஸ் வாசித்தது டெர்ரி வில்லியம்ஸா, ஓமர் ஹக்கீமா? உறையில் இரண்டு பெயரும் இருக்கின்றன.

ப: குழுவின் டிரம்மர் டெர்ரி வில்லியம்ஸ். பதிவின் நடுவில், அவர் வாசிப்பு இந்த ஆல்பத்துக்குத் தேவையான விதத்தில் அமையவில்லை என்று முடிவானது. ‘வெதர் ரிப்போர்ட்’ ஜாஸ் குழுவில் வாசித்த ஓமர் ஹக்கீம் வந்து, இரண்டு நாளில் ஏறக்குறைய எல்லாப் பாடல்களுக்கும் டிரம்ஸை மறுபடி வாசித்துக் கொடுத்தார். ‘மணி ஃபார் நத்திங்’ தொடக்கத்தில் கட்டுக்கடங்காமல் உருண்டு வரும் டிரம்ஸ் மட்டும் வில்லியம்ஸுடையது. அது இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்க முடியாது.

இது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லியாக வேண்டும். வழக்கமாக டிரம்ஸ்தான் முதலில் பதிவாகும், மற்றவை அதன் மேல் ஏறும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இங்கே சித்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுவரை மாற்றியிருக்கிறார்கள். ஏற்கெனவே பதிவான கிட்டாரும் பாஸும் எங்கே முந்துகின்றன, எங்கே பிந்துகின்றன என்று கேட்டுக்கேட்டு, அதற்குத் தக்கபடி வாசித்தாலொழிய ஒட்டு தெரியும். ‘ரைட் அக்ராஸ் தி ரிவர்’ பாடலில் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். ஒட்டு எங்கும் தெரியாது. வில்லியம்ஸும் விலகிப் போய்விடவில்லை, உலகப் பயணம் முழுக்க அவர்தான் வாசித்தார்.

கே: ‘ரைட் அக்ராஸ் தி ரிவர்’ பாடலில் வரும் புல்லாங்குழல் யார்?

ப: புல்லாங்குழல் அல்ல, சின்தசைஸர் எழுப்பிய குழல் ஒலி. ‘யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்’ பாடலின் சாக்ஸஃபோன் நிஜமானது: மைக்கேல் ப்ரெக்கர். ட்ரம்பெட் அவருடைய அண்ணன் ராண்டி ப்ரெக்கர்.

கே: ஒலி இவ்வளவு விசாலமாக இருக்கிறது. பெரிய ஸ்டூடியோவோ?

ப: சின்னது. பதிவு அறை சுமார் 20 அடிக்கு 25 அடி. ஒருவர் வாசிப்பது இன்னொருவர் மைக்கில் விழாமல் தடுக்கத் தனித்தனி அறைகளும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மூலையையும் பயன்படுத்தினார்கள். டிரம்ஸ் இடது மூலையில், பியானோ வலது மூலையில் நெருக்கமான ஓர் அடைப்புக்குள். ஹேமண்ட் ஆர்கனின் சுழலும் ஸ்பீக்கரைக் கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் இரண்டு கதவுகளுக்கு இடைப்பட்ட சந்தில் திணித்தார்கள். ஜான் இல்ஸ்லியின் பாஸ் ஆம்ப்ளிஃபயர் பாடகர் நிற்கும் கூண்டில். புதிதாகச் சேர்ந்த கை ஃப்ளெட்சரின் சின்தசைஸர்களுக்கு இடமில்லாமல் அவற்றைக் கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே வைத்தார்கள். 1984 நவம்பர் முதல் 1985 பிப்ரவரி வரை அங்கே வேலை நடந்தது. பின்பு நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் மெருகேற்றினார்கள். நாம் கேட்கும் விசாலத்தில் பெரும்பங்கு, எதை வாசிக்காமல் விடுவது என்று குழு எடுத்த முடிவுகளிலிருந்து வந்தது. ‘ப்ரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ பாடலில் இரண்டு கிட்டார் வரிகளுக்கு நடுவே எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஸ்டூடியோவை 1979இல் திறந்தவர் பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ சூறாவளி அதைச் சிதைத்தது. மறுபடி திறக்கவே இல்லை. 1995இல் தீவின் எரிமலையும் விழித்துக்கொண்டு, தலைநகர் ப்ளிமத்தையே மக்கள் கைவிட நேர்ந்தது. 1997 செப்டம்பர் 15 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் தீவுக்காக நிதி திரட்டிய கச்சேரியில் நாஃப்ளர் இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலை வாசித்தார்.

கே: எல்பியின் கடைசிப் பாடலில் மட்டும் குரல் ‘ஸ்ஸ்’ என்று கரகரக்கிறது. தட்டு கெட்டுவிட்டதா?

ப: முதலில் ஊசியையும் அதைத் தாங்கும் கையையும் சந்தேகியுங்கள். 33⅓ சுழற்சியில் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. லேபிளுக்கு அருகே, மையத்திலிருந்து 6 செ.மீ. தொலைவில், வெறும் 21 செ.மீ.தான். அதே இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைத்திருப்பதால் உயர்ந்த ஒலிகளின் நெளிவு ஊசிமுனையைவிட நுணுக்கமாகிவிடுகிறது. உருண்டை முனை ஊசியால் அதைப் பின்பற்ற முடியாது. நீள்வட்ட முனையோ இன்னும் நுண்ணிய முனையோ பொருத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அலைன்மென்ட் அட்டையை வைத்து, உள் புள்ளியிலும் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தும் பகுதி) நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி தட்டை அழுத்தும் எடையைக் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பகுதியில் வையுங்கள். குறைவான எடை தட்டைக் காப்பாற்றும் என்று நினைத்துக் குறைப்பவர்கள் உண்டு. உண்மையில் ஊசி பள்ளத்தில் குதித்துக் குதித்துச் சுவரைச் செதுக்குவது எடை குறைவாக இருக்கும்போதுதான். இவ்வளவுக்குப் பிறகும், இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலிலேயே கரகரப்பு இருந்தால், முன்பு யாரோ தேய்ந்த ஊசியால் ஓட்டியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய வழியில்லை. 45 சுழற்சி இரட்டைத் தட்டுப் பதிப்புகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, விலைதான் அதிகம்.

கே: அட்டையில் வானத்தில் மிதப்பது எஃகுக் கிட்டாரா?

ப: நாஃப்ளரின் 1937ஆம் ஆண்டு நேஷனல் ஸ்டைல் ஓ. எஃகு அல்ல, நிக்கல் பூசிய பித்தளை. உள்ளே அலுமினியக் கூம்பு ஒன்று இருக்கிறது. கம்பியின் அதிர்வை ஸ்பீக்கர் போல அதுதான் பெருக்கித் தள்ளும். ஆம்ப்ளிஃபயர் பரவாத காலத்தில் இசைக்குழுவின் சத்தத்துக்கு ஈடுகொடுக்கச் செய்த ஏற்பாடு. படத்தை எடுத்தவர் டெபோரா ஃபைன்கோல்ட். பின்னட்டையில் அதே கிட்டாரின் ஓவியம், தாமஸ் ஸ்டெயர் வரைந்தது. இதை ‘மணி ஃபார் நத்திங்’ வாசித்த கிட்டார் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த 1983 லெஸ் பால், 2024 ஜனவரியில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 5,92,200 பவுண்டுக்குப் போனது.

கே: கணினி உருவங்கள் நடமாடும் அந்த வீடியோ எதில் செய்தது?

ப: இயக்கியவர் ஸ்டீவ் பேரன். உருவங்களை இயன் பியர்சனும் கேவின் ப்ளேரும் பாஷ் எஃப்ஜிஎஸ்-4000 என்ற எந்திரத்தில் செய்தார்கள். மனிதர்கள் பெட்டி பெட்டியாக இருப்பது அந்தக் காலத்துக் கணிப்புத் திறனின் எல்லை. ஆனால் பாத்திரங்கள் சுமைதூக்கிகள் என்பதால் அந்தக் கனமான உருவம் பொருந்திவிட்டது. மேடைக் காட்சிகள் புடாபெஸ்டில் எடுத்தவை. 1987 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி ஐரோப்பா தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பியது இதைத்தான்.

கே: 24 பிட் ஹை-ரெஸ் கோப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

ப: ஸ்டீரியோ கலவைக்கு வேண்டாம். அசல் பதிவே 16 பிட். பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் பால் கூடாது. வித்தியாசம் கேட்டால் அது பிட் எண்ணிக்கையால் அல்ல, மாஸ்டரிங் வேறு என்பதால். ஐந்து ஸ்பீக்கர் அமைப்பு வைத்திருப்பவர்கள் 2005இல் சக் எய்ன்லே செய்த சரவுண்ட் கலவையைத் தேடலாம். அது பல தட டேப்பிலிருந்து புதிதாகச் செய்தது, 2006இல் சரவுண்டுக்கான கிராமி விருது பெற்றது. ‘ரைட் அக்ராஸ் தி ரிவர்’ அதில் அறை முழுக்க விரிகிறது.

கே: தலைப்புப் பாடல் எந்தப் போரைப் பற்றியது? அதைக் கேட்க ஸ்பீக்கரை எப்படி வைப்பது?

ப: பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த 1982 ஃபாக்லாந்து போரின்போது நாஃப்ளர் எழுதியது. சாகும் தறுவாயில் ஒரு படைவீரன் தன் தோழர்களிடம் பேசுகிறான். இரண்டாம் பக்கத்து நான்கில் மூன்று பாடல்கள் போரையும் ஆயுதத்தையும் பற்றியவை. அதனால் அந்தப் பக்கத்தை இடையில் நிறுத்தாமல் கேட்பது நல்லது. போரின் 25ஆம் ஆண்டான 2007இல் முன்னாள் வீரர்களுக்கு நிதி திரட்ட இதே பாடலை மறுபடி பதிவு செய்தார்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 2 மீட்டர் என்றால், நீங்களும் ஒவ்வொன்றிலிருந்தும் 2 மீட்டரில் உட்காருங்கள். பின்சுவரிலிருந்து ஸ்பீக்கரை அரை மீட்டராவது முன்னே இழுங்கள். இல்லாவிட்டால் தொடக்கத்து இடிமுழக்கம் வெறும் உறுமலாகிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். வால்யூமைத் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது ஏமாற்றும். நாஃப்ளர் பாடத் தொடங்கும் முதல் வரியில், எதிரே உட்கார்ந்து ஒருவர் தாழ்ந்த குரலில் பேசுவதுபோலக் கேட்கும் அளவுக்கு வையுங்கள். பிறகு கடைசிக் கிட்டார் தேய்ந்து மறையும்வரை அதைத் தொட வேண்டாம்.